21-இல் 9, 22-இல் 0

2025 ஏப்ரல் 8, லண்டன். சாம்பியன்ஸ் லீக் கால்பந்துக் கால் இறுதியின் முதல் லெக், அதாவது இரண்டு ஆட்ட மோதலின் முதல் ஆட்டம். இந்தியக் கடிகாரத்தில் ஆட்டம் தொடங்கியபோது ஏப்ரல் 9, நள்ளிரவு 12.30. இடைவேளையில் ஆர்செனல் 0, ரியல் மாட்ரிட் 0. 58-ஆவது நிமிடத்தில் டெக்லன் ரைஸ் ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் அடித்தார். 70-ஆவது நிமிடத்தில் இன்னொரு ஃப்ரீ கிக், இன்னொரு கோல். 75-இல் மிக்கேல் மெரினோ. 17 நிமிடங்களில் 3 கோல். அதுவரை தொழில்முறை ஆட்டத்தில் நேரடி ஃப்ரீ கிக்கில் ஒரு கோல்கூட அடிக்காதவர் 12 நிமிட இடைவெளியில் 2 அடித்தார். ஆட்டத்துக்கு முன் என் நோட்டில் பென்சிலால் எழுதியிருந்த கணிப்பு 1–1.

அது மளிகைக் கடையில் பற்று வரவு எழுதும் நீளவாக்கு நோட்டு. இடப்பக்கம் தேதியும் எதிரணியும். சிவப்புக் கோட்டுக்கு வலப்பக்கம் கணிப்பும் முடிவும். கணிப்பு பென்சிலில், முடிவு பேனாவில். அன்று 1–1 என்பதற்குப் பக்கத்தில் பேனாவால் 3–0 எழுதியதும், அதற்குக் கீழே என்னை அறியாமல் எழுதிய வரி: ‘3 போதுமா?’ இரண்டாம் லெக் 8 நாள் கழித்து, மாட்ரிட்டில். என் ஆர்செனல் வென்ற இரவில் தூக்கம் வராததற்கு அந்த ஒரு வரிதான் காரணம். வீட்டில் எல்லோரும் தூங்க, தொலைக்காட்சியின் ஒலியை 0-இல் வைத்து, விளக்கைக் குறைத்துக்கொண்டு பழைய முடிவுகளைத் தேடி எடுத்து எழுதத் தொடங்கினேன். அந்த 8 நாளில் தொடங்கி, சீசன் முடிந்தபின் முடித்த கணக்கு இது.

பயத்துக்கு ஆதாரம் இருந்தது. 2017, 2018, 2019 என்று அடுத்தடுத்து 3 ஆண்டுகள், 3 கோல் அல்லது அதற்கும் மேற்பட்ட முன்னிலை கவிழ்ந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 14 அன்று பாரிஸில் 0–4 என்று தோற்ற பார்சிலோனா, மார்ச் 8 அன்று சொந்த மைதானத்தில் 6–1 என்று வென்றது, மொத்தம் 6–5. அந்த ஆட்டத்தின் 87-ஆவது நிமிடம் முடிந்தபோது பார்சிலோனாவுக்கு இன்னும் 3 கோல் தேவைப்பட்டது. 88-இல் ஒன்று, 90+1-இல் ஒன்று, 90+5-இல் ஒன்று. அடுத்த ஆண்டு அதே பார்சிலோனா 4–1 முன்னிலையுடன் ரோமுக்குப் போய், 2018 ஏப்ரல் 10 அன்று 0–3 என்று தோற்றது. மொத்தம் 4–4, வெளிமைதான கோல் விதிப்படி (மொத்தம் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணி முன்னேறும்) ரோமா அணி முன்னேறியது. 2019-இல் மூன்றாம் முறை: மே 1 அன்று பார்சிலோனா 3, லிவர்பூல் 0, மே 7 அன்று லிவர்பூல் 4, பார்சிலோனா 0. லிவர்பூலின் 2-ஆவது, 3-ஆவது கோல்களுக்கு இடையே இருந்தது 2 நிமிடம்: 54, 56.

2018–19 சீசனை முழுதாக எண்ணிப் பார்த்தால் பயம் இன்னும் நியாயமாகத் தெரியும். கடைசி 16 அணிகள் சுற்றிலிருந்து அரையிறுதி வரை இரண்டு லெக் மோதல்கள் 14. முதல் லெக் 3 மோதல்களில் டிரா. மீதி 11-இல் முதல் லெக்கில் தோற்ற அணியே 6 முறை முன்னேறியது: போர்ட்டோ, மான்செஸ்டர் யுனைடெட், அயாக்ஸ், யுவென்டஸ், டோட்டன்ஹாம், லிவர்பூல். 54.5 சதவீதம். அந்த ஆண்டு முதல் லெக்கை வெல்வதைவிடத் தோற்பதே மேல் என்று சொல்லுமளவுக்குக் கணக்கு தலைகீழாக நின்றது. 2 கோல் அல்லது அதற்கு மேற்பட்ட முன்னிலை 5 முறை கிடைத்தது. 3 முறை கவிழ்ந்தது. 60 சதவீதம். ஒரு தலைமுறை ரசிகர்கள் பயப்படக் கற்றுக்கொண்டது இந்த 14 மோதல்களில்தான்.

அந்தச் சீசனில் 3 மோதல்கள் வெளிமைதான கோல் விதியால் முடிவானவை: மான்செஸ்டர் யுனைடெட்–பாரிஸ் 3–3, டோட்டன்ஹாம்–மான்செஸ்டர் சிட்டி 4–4, டோட்டன்ஹாம்–அயாக்ஸ் 3–3. 14-இல் 3 என்றால் 21.4 சதவீதம். 1965–66-இல் கோப்பை வென்றோர் கோப்பைப் போட்டியில் அறிமுகமான அந்த விதியை ஐரோப்பியக் கால்பந்து நிர்வாக அமைப்பான யூஃபா 2021 ஜூன் 24 அன்று நீக்கியது. 2021–22 முதல் அது இல்லை. நீக்கியபோது யூஃபா சொன்ன காரணமும் எண்தான். 1970-களின் நடுவில் சொந்த மைதான வெற்றி 61 சதவீதம், வெளிமைதான வெற்றி 19 சதவீதம்; 2021-இல் அவை 47, 30. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி கோல், சொந்த மைதானத்தில் 2.02, வெளியில் 0.95 என்று இருந்தது, 1.58, 1.15 என்று ஆனது. கழித்துப் பார்த்தால், சொந்த மைதானத்தின் மதிப்பு ஆட்டத்துக்கு 1.07 கோலிலிருந்து 0.43 கோலாகக் குறைந்திருக்கிறது. ஏறத்தாழ 60 சதவீதச் சரிவு.

விதி நீங்கிய பின் என்ன ஆனது என்பதே என் கேள்விக்கு நேரான கணக்கு. 2021–22 முதல் 2024–25 வரை 4 சீசன், சீசனுக்கு 14 மோதல், மொத்தம் 56. (2024–25-இல் புதிதாக வந்த பிப்ரவரி பிளே-ஆஃப் சுற்றைச் சேர்க்கவில்லை, முந்தைய 3 சீசனில் அது இல்லாததால் ஒப்பீடு கெடும்.) முதல் லெக் டிரா ஆனவை முறையே 4, 2, 5, 2, ஆக 13. மீதி 43-இல் ஓர் அணி முன்னிலையுடன் இரண்டாம் லெக்குக்குப் போனது. பின்தங்கிய அணி முன்னேறியது முறையே 2, 1, 5, 1, ஆக 9. 20.9 சதவீதம். 2018–19-இன் 54.5-உடன் ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு.

ஆனால் இந்த 20.9 ஒரு கலவை எண். இதைப் பிரித்தபோதுதான் நான் பென்சிலைக் கீழே வைத்தேன். 43 முன்னிலைகளில் 1 கோல் முன்னிலை 21, 2 கோலும் அதற்கு மேலும் 22, கிட்டத்தட்டச் சரிபாதி. கவிழ்ந்த 9-உம் 1 கோல் முன்னிலைகளே. 21-இல் 9, அதாவது 42.9 சதவீதம். மறுபக்கம் 22-இல் 0.

4 சீசனில் ஒரு முறைகூட இல்லை. 2–0 கவிழவில்லை, 3–1 கவிழவில்லை, 3–0 கவிழவில்லை. அருகில் வந்தவை உண்டு. 2022-இல் முதல் லெக்கில் 1–3 என்று தோற்ற செல்சி, மாட்ரிட்டில் 90 நிமிடத்தில் 3–1 என்று சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 1 கோல் வாங்கி மொத்தம் 4–5 என்று வெளியேறியது. 2025-இல் 1–3 என்று தோற்ற ஆஸ்டன் வில்லா, சொந்த மைதானத்தில் பாரிஸை 3–2 என்று வென்றும் 1 கோல் போதாமல் நின்றது. 0–4 என்று தோற்ற டார்ட்மண்ட், சொந்த மண்ணில் பார்சிலோனாவை 3–1 என்று வென்றது. வெற்றி வந்தது, முன்னேற்றம் வரவில்லை.

இதற்கு விதி நீக்கம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். 2018–19-இல் கவிழ்ந்த 3 பெரிய முன்னிலைகளில் வெளிமைதான கோலால் கவிழ்ந்தது பாரிஸின் 2–0 ஒன்றுதான். லிவர்பூலும் யுவென்டஸும் கோல் எண்ணிக்கையிலேயே முந்தின. 22 என்பதும் சிறிய எண். 23-ஆவது முன்னிலை கவிழலாம். 60 சதவீதத்துக்கும் 0 சதவீதத்துக்கும் நடுவில் எங்கோ உண்மையான விகிதம் இருக்கும், அது 0-க்கே அருகில் இருக்கும். அதற்குமேல் இந்த எண்கள் தாங்காது.

அப்படியானால் 3–0 முன்னிலையில் ஓர் ஆர்செனல் ரசிகனுக்கு இவ்வளவு பயம் ஏன்? அதற்கான கணக்கு வேறு பக்கத்தில் இருக்கிறது. 2010–11 முதல் 2016–17 வரை 7 சீசன், கடைசி 16 அணிகள் சுற்றிலேயே ஆர்செனல் 7 முறை வெளியேறியது. 2011 பார்சிலோனாவிடம் 3–4. 2012 மிலனிடம் 3–4. 2013 பயர்ன் மியூனிக்கிடம் 3–3, வெளிமைதான கோல். 2014 பயர்னிடம் 1–3. 2015 மொனாகோவிடம் 3–3, மறுபடியும் வெளிமைதான கோல். 2016 பார்சிலோனாவிடம் 1–5. 2017 பயர்னிடம் 2–10. கூட்டினால் அடித்தது 16, வாங்கியது 32. சரியாக ஒன்றுக்கு இரண்டு.

இந்த 14 ஆட்டங்களையும் மைதானவாரியாகப் பிரித்தேன். சொந்த மைதானத்தில் 7 ஆட்டம்: அடித்தது 8, வாங்கியது 16. வெளியில் 7 ஆட்டம்: அடித்தது 8, வாங்கியது 16. கூட்டலில் பிழை என்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தேன், பிழை இல்லை. 2 வெற்றி, 5 தோல்வி சொந்த மண்ணில். 2 வெற்றி, 1 டிரா, 4 தோல்வி வெளியில். குலுக்கலில் இரண்டாம் லெக் எங்கே என்று பார்த்துப் பார்த்து நாங்கள் பட்ட கவலைக்கு, 7 ஆண்டுக் கணக்கில் ஒரு கோல் மதிப்புகூட இல்லை.

லெக்வாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. முதல் லெக்குகள் 7: 1 வெற்றி, 6 தோல்வி, கோல் 5–20. இரண்டாம் லெக்குகள் 7: 3 வெற்றி, 1 டிரா, 3 தோல்வி, கோல் 11–12. 2017-இன் 1–5-ஐ விலக்கினால் மீதி 6 இரண்டாம் லெக்குகளில் 10–7, ஆர்செனலே முன்னிலை. வாங்கிய 32-இல் 20, அதாவது 62.5 சதவீதம், முதல் லெக்கில் வாங்கியவை. நாங்கள் நகம் கடித்தது இரண்டாம் லெக்குக்கு. மோதல்கள் தோற்றுப்போனது அதற்கு 3 வாரம் முன்பே.

2012 மார்ச் 6 இன்னும் வலிக்கிறது. முதல் லெக் மிலனில் 0–4. இரண்டாம் லெக்கில் 7-ஆவது நிமிடம் கோஷெல்னி, 26 ரோசிட்ஸ்கி, 43 வான் பெர்சி பெனால்டி. இடைவேளைக்குள் 3–0. கூடுதல் நேரத்துக்கு இன்னும் 1 கோல் போதும், கையில் 45 நிமிடம். முதல் பாதியில் சராசரி 15 நிமிடத்துக்கு ஒரு கோல். அந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும். இரண்டாம் பாதியில் 0. அந்த வரிக்குப் பக்கத்தில் பேனா அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது.

2017-இல் 2–10 என்பதற்குள்ளும் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. மியூனிக்கில் இடைவேளையில் 1–1. லண்டனில் இடைவேளையில் ஆர்செனல் 1–0 முன்னிலை. இரண்டு முதல் பாதிகளையும் சேர்த்தால் ஆர்செனல் 2, பயர்ன் 1. இரண்டு இரண்டாம் பாதிகளையும் சேர்த்தால் ஆர்செனல் 0, பயர்ன் 9. இரண்டு இரவிலும் இடைவேளையில் எழுந்து தண்ணீர் குடித்த ரசிகனுக்கு நம்பிக்கை இருந்தது. அதில் அவனுக்கு ஒரு தவறும் இல்லை. அந்த நிமிடம் வரை எண்கள் அவன் பக்கம்தான் இருந்தன.

கவலைக்கு அளவு உண்டு, அலகும் உண்டு: நாள். இரண்டு லெக்குகளுக்கும் இடைப்பட்ட காத்திருப்பு 2011-இல் 20 நாள், பிறகு முறையே 20, 22, 20, 20, 22, 20. கூட்டினால் 144 நாள். ஆட்டம் நடந்த நேரம் 14 பெருக்கல் 90, அதாவது 1,260 நிமிடம், 21 மணி நேரம். 144 நாள் என்பது 3,456 மணி. ஒரு மணி நேர ஆட்டத்துக்கு 164 மணி நேரத்துக்கும் மேலான காத்திருப்பு. அந்த 144 நாளில் முன்னிலையுடன் காத்திருந்தது 2011-இன் 20 நாள் மட்டும், பார்சிலோனாவை 2–1 என்று வென்ற பிறகு. மீதி 124 நாள், 86.1 சதவீதம், தோல்வியைக் கையில் வைத்துக்கொண்டு. 2024–25-இல் இடைவெளி சுருங்கிவிட்டது: மார்ச் 4–12, ஏப்ரல் 8–16, ஏப்ரல் 29–மே 7. 3 மோதலுக்கும் சேர்த்து 24 நாள்.

தூக்கக் கணக்கு இதற்குள் அடக்கம். அந்த 7 ஆண்டுகளில் இரவு ஆட்டம் இந்திய நேரம் 1.15-க்குத் தொடங்கும், 2018–19 முதல் 1.30. மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால் கால் இறுதி முதல் 12.30. ஆர்செனல் வெளியேறிய 14 ஆட்டங்களும் பிப்ரவரி, மார்ச்சில், கடிகாரம் மாறுவதற்கு முன். கால் இறுதிக்குப் போயிருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்திருக்கலாம். 7 ஆண்டுகள் அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அது கிடைத்தது 2024-இல். பிப்ரவரி 21, போர்ட்டோவில் 90+4-ஆவது நிமிடத்தில் கலேனோவின் கோல், 0–1. 20 நாள் கழித்து மார்ச் 12, லண்டனில் 41-ஆவது நிமிடத்தில் ட்ரோசார்ட், 1–0. கூடுதல் நேரம் 30 நிமிடம், கோல் இல்லை. பெனால்டியில் ஆர்செனல் 4-க்கு 4, போர்ட்டோ 4-க்கு 2. இரண்டைத் தடுத்தவர் டேவிட் ராயா. 14 ஆண்டுக்குப் பிறகு கால் இறுதி. அந்த ஆண்டு யூஃபா கால் இறுதிக்குத் தந்த தொகை 1 கோடியே 6 லட்சம் யூரோ. 11 மீட்டர் தூரத்திலிருந்து வந்த 2 பந்துகள் தடுக்கப்பட்டதில் ஒரு சங்கத்திலிருந்து இன்னொரு சங்கத்துக்கு மாறிய பணம் அது.

2024–25-இல் விலைகள் ஏறின. போட்டியில் நுழைவதற்கு 1.862 கோடி யூரோ. லீக் கட்டத்தில் ஒரு வெற்றிக்கு 21 லட்சம், டிராவுக்கு 7 லட்சம். கடைசி 16-க்கு 1.1 கோடி, கால் இறுதிக்கு 1.25 கோடி, அரையிறுதிக்கு 1.5 கோடி, இறுதிக்கு 1.85 கோடி, கோப்பை வென்றால் மேலும் 65 லட்சம். கடைசி 16-இலிருந்து கோப்பை வரை 6.35 கோடி யூரோ. மே 6 அன்று மிலனில் இன்டர் அணியின் அச்செர்பி 90+3-ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவுக்கு எதிராக அடித்த சமன் கோல், 1.85 கோடி யூரோவை மேசையில் உயிரோடு வைத்த கோல். கூடுதல் நேரத்தில் இன்டர் 4–3 என்று வென்றது, மொத்தம் 7–6. கணிப்பில் தவறும் ரசிகன் இழப்பது ஒரு வரி. அதே தவறு களத்தில் நடந்தால் விலை இது.

ஆட்டத்தின் ஓட்டத்தைப் பார்த்துக் கணிப்பவர்களுக்கும் எண்கள் இரக்கம் காட்டுவதில்லை. 2012 மே 19, மியூனிக் இறுதிப் போட்டி: பயர்ன் தன் சொந்த மைதானத்தில் 20 கார்னர் எடுத்தது, செல்சி 1. அந்த ஒரே கார்னரில் 88-ஆவது நிமிடம் ட்ரோக்பா தலையால் அடித்த கோல் ஆட்டத்தை 1–1 ஆக்கியது. பெனால்டியில் செல்சி 4–3. 2025 மார்ச் 5, பாரிஸ்: பாரிஸ் அணி கோலை நோக்கி அடித்தது 27 முறை, கோல் 0, லிவர்பூல் அடித்தது 2 முறை, கோல் 1. 6 நாள் கழித்து லிவர்பூல் மைதானத்தில் பாரிஸ் 1–0 என்று வென்று, பெனால்டியில் 4–1 என்று முன்னேறியது. லீக் கட்டத்தில் 21 புள்ளியுடன் முதலிடம் பிடித்த அணியை 13 புள்ளியுடன் 15-ஆவதாக வந்த அணி வெளியேற்றியது.

முழு அட்டவணையையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. கடைசி 16-இலிருந்து கோப்பை வரை முடிவாக வேண்டியவை 8, 4, 2, 1, ஆக 15. ஒவ்வொன்றையும் 70 சதவீதம் சரியாகச் சொல்லும் தேர்ந்த கண் ஒருவருக்கு இருந்தாலும், முதல் 8-ஐயும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 5.8 சதவீதம், 15-ஐயும் சொல்லும் வாய்ப்பு 0.47 சதவீதம், ஏறத்தாழ 211-இல் 1. சீசனுக்கு ஒன்று என்றால் 211 சீசன். இதைப் போட்டுப் பார்த்த பிறகு மோதலுக்கு மோதல்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 16 வந்தது. அன்று காலை என் நோட்டில் பெரிய முன்னிலைக் கணக்கு 21-இல் 0; இந்த மோதலும் சேர்ந்துதான் பிறகு 22 ஆனது. 13-ஆவது நிமிடத்தில் ஆர்செனலுக்குப் பெனால்டி. சாக்கா அடித்ததைக் கூர்ட்வா தடுத்தார். சில நிமிடங்களில் மாட்ரிட்டுக்குப் பெனால்டி. நீண்ட வீடியோ சோதனைக்குப் பின் நடுவர் அதைத் திரும்பப் பெற்றார். அந்தச் சோதனை நடந்த நேரத்தில் 21-இல் 0 என்ற எண் எனக்கு ஒரு துளியும் உதவவில்லை. நினைவில் நின்றது 2017, 2018, 2019 மட்டும். 65-இல் சாக்கா, 67-இல் வினிசியஸ், 90+3-இல் மார்ட்டினெலி. 2–1, மொத்தம் 5–1. 16 ஆண்டுக்குப் பிறகு அரையிறுதி.

2024, 2025 இரண்டு ஆண்டுகளின் 5 மோதல்களை முந்தைய 7-உடன் வைத்துப் பார்த்தால் மாற்றம் எங்கே என்பது தெரிகிறது. முதல் லெக்கில் அன்று 5–20, இன்று 12–5. இரண்டாம் லெக்கில் அன்று 11–12, இன்று 6–6. பி.எஸ்.வி. ஐந்தோவனுக்கு எதிரான 7–1 முதல் லெக் கணக்கை ஊதிக் காட்டுகிறது என்பது உண்மை. அதை விலக்கினால் 4 முதல் லெக்குகளில் 5–4. அப்படி எடுத்தாலும் வாங்கும் கோல் ஆட்டத்துக்கு 2.86-இலிருந்து 1.00 ஆக இறங்கியிருக்கிறது.

அரையிறுதியில் எதிரணி பாரிஸ். 2024 அக்டோபர் 1 அன்று லீக் கட்டத்தில் ஆர்செனல் அதே அணியை 2–0 என்று வென்றிருந்தது. 19 புள்ளியுடன் 3-ஆவது இடம், பாரிஸைவிட 6 புள்ளி, 12 இடம் மேலே. ஏப்ரல் 29, லண்டன்: 4-ஆவது நிமிடத்தில் டெம்பெலே, 0–1. மீதி நேரம் முழுதும் கோல் இல்லை. அந்த இரவு கணக்கைப் புரட்டினேன். 1 கோல் முன்னிலைகள் அதுவரை 20, கவிழ்ந்தவை 9. 45 சதவீதம். பென்சிலால் 45 என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

எழுதும்போதே தெரியும், அது சரியான கட்டம் இல்லை. அந்த 20-ஐ இன்னொரு முறை பிரிக்க வேண்டும். பின்தங்கிய அணி இரண்டாம் லெக்கைச் சொந்த மைதானத்தில் ஆடியது 14 முறை; மீண்டது 7, அதாவது 50 சதவீதம். வெளிமைதானத்தில் ஆடியது 6 முறை. மீண்டது 2, அதாவது 33.3 சதவீதம். ஆர்செனல் சொந்த மண்ணில் தோற்றுவிட்டு வெளியே போகிறது. அதன் எண் 33.3. அந்த 2 முறையும் எவை என்று பார்த்தேன். 2024 கால் இறுதியில் பார்சிலோனாவிடம் 2–3 என்று தோற்று, வெளியே போய் 4–1 என்று வென்ற அணி பாரிஸ். 2025 மார்ச்சில் லிவர்பூலிடம் 0–1 என்று தோற்று, வெளியே போய் வென்ற அணியும் பாரிஸ். 4 சீசனில் அதைச் செய்து காட்டிய ஒரே அணி இப்போது எதிரே, முன்னிலையுடன், தன் சொந்த மைதானத்தில் நின்றது.

மே 7. 27-ஆவது நிமிடம் ஃபாபியான் ரூயிஸ், 72 ஹக்கீமி, 76 சாக்கா. 1–2, மொத்தம் 1–3. மே 31 அன்று மியூனிக்கில் பாரிஸ் இன்டரை 5–0 என்று வென்றது. இறுதிப் போட்டி வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம்.

மே 8 அதிகாலை இரண்டரைக்கு நோட்டை எடுத்தேன். வெளிமைதானக் கட்டத்தில் 6-ஐ அழித்து 7 எழுதினேன், 33.3 என்பது 28.6 ஆனது. மேலே, 1 கோல் முன்னிலைக் கட்டத்தில், 20-ஐ அழித்து 21 எழுதினேன். பக்கத்தில் இருந்த 9-ஐத் தொடவில்லை.